கடல் தொழில் செய்யும் பங்கில் பெரியவர்களுக்கு மறைக்கல்வி: எப்போது, எதை, யார் நடத்துவது?

தீவுக்கரை கேட்டது:

இயேசுவுக்கே புகழ். பாம்பன் தீவில் உள்ள ஒரு பங்கின் (கோயில் சமூகத்தின்) பேரவை சார்பில் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி ஒழுங்காக நடக்கிறது. ஆனால் திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் முடிந்த கையோடு படிப்பும் நின்றுவிடுகிறது. அதன்பின் திருமண ஆயத்த வகுப்பு, அவ்வளவுதான். பெரியவர்களுக்கென்று தொடர்ச்சியான வகுப்பு தொடங்க வேண்டும் என்று பேரவையில் முடிவாகியிருக்கிறது.

விசைப்படகில் போகிறவர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், இறால் கம்பெனிக்கும் கடல்பாசி எடுக்கவும் போகும் பெண்கள் என்று எல்லாரும் கலந்த ஊர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு மணி நேரம் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிவருமா? எந்தப் பாடத்தில் தொடங்குவது? எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் உண்டு. இது போக, திருமணத்தை முன்னிட்டுத் திருமுழுக்குக் கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களையும் இதே வகுப்பில் உட்கார வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வடகடல் எழுதியது:

முதலில் ஞாயிறு வேண்டாம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் போவது வழக்கமாகத் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலைதான் கரை சேரும். மீன் இறக்கி, தரம் பிரித்து, ஏலம் விட்டு, பங்குக் கணக்கு முடித்துத் தூங்கப் போகும் நேரத்தில் நீங்கள் வகுப்பு மணி அடிப்பீர்கள். யாரும் வர மாட்டார்கள். அப்புறம் "ஆம்பளைகளுக்குப் பக்தி இல்லை" என்று பேச்சு வரும். தப்பு ஆளிடம் இல்லை, அட்டவணையில்தான்.

விசைப்படகுக்காரர்களுக்கு வியாழன் மாலை 7 மணி பொருந்தும். காலையில் கரை வந்து தூங்கி எழுந்திருப்பார்கள், மறுநாள் தொழில் கிடையாது. வெள்ளி மாலை ஐஸ், டீசல் ஏற்றும் வேலை தொடங்கிவிடும், தவக்காலத்தில் சிலுவைப்பாதையும் இருக்கும். நாட்டுப்படகுகளுக்கு விசைப்படகு போகாத நாள்கள்தான் தொழில் நாள்கள். அதனால் அவர்களுக்குத் திங்கள் மாலை. இரண்டு தரப்பையும் ஒரே நாளில் சேர்க்க முயன்றால் எப்போதும் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். இரண்டு குழுவாகப் பிரித்து ஒரே பாடத்தை நடத்துங்கள். பெண்களுக்குப் பிற்பகல் 3 மணி. பாசி எடுக்கும் நாள்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாறும், ஆகவே மாதத் தொடக்கத்தில் அவர்களையே கேட்டு நாள் குறியுங்கள்.

இந்தக் கரைக்கென்றே ஒரு நல்ல காலம் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) எந்த ஆண்டிலும் மார்ச் 22க்கு முன்போ ஏப்ரல் 25க்குப் பின்போ வராது. அப்படியானால் அதிலிருந்து ஐம்பதாம் நாளான பெந்தகோஸ்து, அதாவது தூய ஆவி பெருவிழா, மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையில்தான். தூய ஆவி பெருவிழா ஆண்டு தவறாமல் தடைக்காலத்துக்குள் விழுகிறது! வழிபாட்டு ஆண்டில் கற்பிப்பதற்கு மிகப் பொருத்தமான உயிர்ப்புக்காலத்தில் நம் விசைப்படகுகளும் கரையில் நிற்கின்றன. ஆண்டின் முக்கிய வகுப்பை அங்கே வையுங்கள். காலையில் படகு பழுதுபார்ப்பதும் வர்ணம் அடிப்பதும் இருக்கும், மாலை காலிதான். கேரளப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களை மட்டும் கணக்கில் பிடிக்க முடியாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அவர்களுடைய திங்கள்கிழமை அப்படியே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜூன் 13 அந்தோனியார் திருவிழா. கொடி ஏறிவிட்டால் மாலையெல்லாம் நவநாளுக்குப் போய்விடும். உயிர்ப்பு விழா முடிந்து தடைக்காலமும் தொடங்கிய கையோடு ஆரம்பித்து, வாரம் இரண்டு வகுப்பாக மே கடைசிக்குள் முடித்துவிடுங்கள்.

மறையுரைக்கு_அப்பால் எழுதியது:

வடகடல் அண்ணன் நேரத்தைச் சொல்லிவிட்டார். நான் பாடத்தைச் சொல்கிறேன்.

மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நான்கிலும் சிறியது. எட்டு வகுப்பில் முடியும், ஆனால் இரண்டிரண்டு அதிகாரமாக வெட்டாதீர்கள், கதையின் மூட்டு பார்த்து வெட்டுங்கள். 1:1 முதல் 3:6 வரை ஒன்று. 4ஆம் அதிகாரத்தின் இறுதிவரை இரண்டாவது. 5, 6 சேர்த்து மூன்றாவது. 8:26 வரை நான்காவது. "நான் யார் என மக்கள் சொல்கிறார்கள்?" என்று இயேசு கேட்கும் 8:27இலிருந்து 10ஆம் அதிகாரத்தின் முடிவுவரை ஐந்தாவது, நற்செய்தியே திரும்பும் இடம் அது. 11 முதல் 13 வரை ஆறாவது. பாடுகளின் வரலாறான 14, 15க்கு ஒரு முழு வகுப்பு. கடைசி வகுப்பில் 16ஐயும் விட்டுப்போன கேள்விகளையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பு 75 நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. தொடக்கச் செபம் 5 நிமிடம். பிறகு அன்றைய பகுதியைச் சத்தமாக, நிதானமாக இரண்டு தடவை வாசிக்க வேண்டும், இரண்டாம் தடவை வேறு குரலில். படிக்கத் தெரியாதவருக்கு இதுதான் புத்தகம். "யாராவது படிங்க" என்று சுற்றி விடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒருமுறை கூச்சப்பட்டால் மறுவாரம் வர மாட்டார். வாசிப்பவரை முதல் நாளே குறித்து, வீட்டில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த அரை மணி நேரம் நான்கே கேள்விகள். எங்கே நடக்கிறது? யார் யார் இருக்கிறார்கள்? யார் என்ன சொன்னார்கள்? தொடக்கத்துக்கும் முடிவுக்கும் என்ன மாறியது? இதற்குப் பிறகுதான் "நமக்கு என்ன சொல்கிறது" என்பது. இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் வகுப்புகள் கெடுகின்றன. மாற்கு 4:35-41, புயல் அடங்கும் பகுதியைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் "நம் வாழ்க்கையும் புயல்தான்" என்று போனால் எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பதிலாக, மாலை நேரம் என்று ஏன் சொல்லியிருக்கிறது, வேறு படகுகளும் கூடச் சென்றன என்ற வரி எதற்கு, தண்ணீர் நிரம்பும்போது பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்க முடியுமா என்று கேளுங்கள். கடல் தெரிந்தவர்கள் வாய் திறப்பார்கள். கலிலேயக் கடல் ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி, கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேட்டு நிலம், காற்று திடீரென்று இறங்கும். இதைச் சொல்லிவிட்டுக் கடைசிக் கேள்வியைப் போடுங்கள்: சீடர்கள் புயல் அடிக்கும்போது பயந்தார்களா, அடங்கியபின் பயந்தார்களா? 41ஆம் வசனத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அடங்கிய பிறகுதான் பேரச்சம் வருகிறது, "இவர் யாரோ?" என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது. எட்டாம் அதிகாரத்துக்கான வழி அங்கே திறக்கிறது. இப்படிப் படித்தவர் அந்தப் பகுதியை மறக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு திருத்தூதர் பணிகள் போகலாம். 27ஆம் அதிகாரத்தில் ஆழம் பார்த்து 20 பாகம், கொஞ்ச தூரம் போய் 15 பாகம் என்று கண்டு, பின்பக்கமாக நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். ஏன் பின்பக்கம் என்று நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், வகுப்பு தானே நடக்கும்.

அன்பியக் கூட்டத்தில் (பங்கின் சிறு குழுக் கூட்டத்தில்) செய்யும் ஏழு படி இறைவார்த்தைப் பகிர்வு இதற்கு ஈடாகாது. அது நல்ல செபமுறை, தொடர்ந்து நடக்கட்டும். ஆனால் பிடித்த சொல்லை மூன்று முறை சொல்லி, அமைதியில் இருந்து, பகிர்ந்து முடிப்பதில் பாடம் சேர்ந்துகொண்டே போவதில்லை. ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்கும். பெரியவர்களுக்கு நேற்று படித்ததன்மேல் இன்று படிப்பது வேண்டும்.

பிறகு ஒரு கேள்விப் பெட்டி. "சுரூபம் வைக்கலாமா", "மாதாவிடம் ஏன் செபிக்கணும்", "உத்தரிக்கிற ஸ்தலம் விவிலியத்தில் எங்கே" என்று பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேட்கப்பட்டு, பதில் தெரியாமல் மனதுக்குள் வைத்திருப்பவர்கள் நிறைய. பெயர் போடாமல் சீட்டு போடட்டும், எழுத வராதவர் காதோடு சொல்லட்டும். அந்த இடத்திலேயே பதில் சொல்லாமல் அடுத்த வகுப்பில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 எண்கள் உண்டு. சுரூபங்களுக்கு 2129 முதல் 2132 வரை, உத்தரிக்கும் நிலைக்கு (இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் நிலை) 1030 முதல் 1032 வரை, மாதாவுக்கு 963 முதல் 975 வரை. அந்த எண்களை அப்படியே வாசித்து விளக்கினால் போதும். மற்ற சபையைத் திட்டிப் பதில் சொல்லும் வழக்கம் வேண்டவே வேண்டாம், அதே தெருவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஓரியூர்_பாதை எழுதியது:

திருமுழுக்குக் கேட்ட இரண்டு பேர் பற்றி. மாற்கு வகுப்பில் உட்காரலாம், நல்லதும்கூட. ஆனால் அது அவர்களுடைய ஆயத்தம் ஆகிவிடாது.

முதலில் தனித்தனியாக, வருங்கால மாமனார் மாமியார் இல்லாமல், பங்குத்தந்தை பேச வேண்டும். கல்யாணத்துக்குத் திருமுழுக்குக் கட்டாயம் என்று நினைத்து வந்திருந்தால், கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வாங்கலாம், திருச்சபைச் சட்டம் 1086 அதைத்தான் சொல்கிறது. நம் பகுதிக்குச் சிவகங்கை மறைமாவட்டம், விண்ணப்பம் பங்குத்தந்தை வழியாகப் போகும். கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும் வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே கொடுங்கள். மண்டபத் தேதிக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றினால், அந்த ஆளுக்கு நம்பிக்கையும் கிடைக்காது, மரியாதையும் இருக்காது.

உண்மையிலேயே விரும்பி வந்தவருக்கு 1972இல் வந்த பெரியோர் புகுமுகச் சடங்கின் வழி இருக்கிறது. விசாரித்து அறியும் காலம், ஏற்புச் சடங்கு, நீண்ட கற்றல் காலம், தவக்கால முதல் ஞாயிறன்று தேர்ந்தெடுத்தல், 3, 4, 5ஆம் தவக்கால ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள். அந்த மூன்று ஞாயிறுகளுக்கும் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் ஆகிய யோவான் நற்செய்திப் பகுதிகள். பிறகு பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. பெரியவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவே உறுதிபூசுதலும் கொடுக்கலாம், ஆயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு வரும் உயிர்ப்புக்காலம் முழுக்க பெற்றுக்கொண்ட அருளடையாளங்களை விளக்கும் காலம். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் தடைக்காலத்தில் வகுப்பு வைத்தால் தானாகவே பொருந்தும்.

ஞானப்பெற்றோராகச் சொந்தக்காரரை மட்டும் பார்க்காதீர்கள். 16 வயது முடிந்து, உறுதிபூசுதல் பெற்று, வாரந்தோறும் இவரோடு கோயிலில் உட்காரக்கூடியவர் வேண்டும். வந்தவர் வேறு சபையில் ஏற்கெனவே தந்தை, மகன், தூய ஆவி பெயரால் தண்ணீரில் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் மறுபடி கொடுக்கக் கூடாது. சான்றிதழ் வாங்குங்கள். "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுத்திருந்தால் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள், அவர் முடிவு செய்வார்.

இராமநாதபுரம்_சபையார் எழுதியது:

ஸ்தோத்திரம். சிஎஸ்ஐ பக்கத்திலிருந்து ஒரு சிறு யோசனை. திடப்படுத்தல் வகுப்பு முடிந்ததும் படிப்பு நிற்பது எங்கள் சபைகளிலும் உள்ளதுதான். விரிவாக்க முறை இறையியல் கல்வியில் கையாளும் ஒழுங்கு நன்றாகப் பலன் தரும்: வீட்டில் நாள்தோறும் ஒரு சிறு பகுதி, அதற்கு இரண்டு கேள்வி, வாரக் கூடுகையில் அந்தப் பதில்களை வைத்துப் பேச்சு. வீட்டில் செய்தது கூடுகையில் பயன்பட்டால்தான் வீட்டில் செய்வார்கள். கேட்காமல் விட்டால் இரண்டாம் வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

கலப்பு மணக் குடும்பங்கள் வந்தால் ஒருவர் கையில் 66 ஆகமங்கள் உள்ள பரிசுத்த வேதாகமமும் இன்னொருவர் கையில் 73 நூல்கள் உள்ள பொது மொழிபெயர்ப்பும் இருக்கும். நடத்துபவர் அதிகாரம், வசன எண்ணை இரண்டு தடவை சொல்லிவிட்டு ஒரே மொழிபெயர்ப்பில் மட்டும் வாசிக்கட்டும். இல்லாவிட்டால் பாதி நேரம் "என் புத்தகத்தில் வேற மாதிரி இருக்கே" என்பதில் கழியும்.

தீவுக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாள் விஷயம் தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று: நடத்துவது யார்? பங்குத்தந்தைக்குக் கிளைக் கோயில்கள் வேறு உண்டு, எல்லா மாலையும் வர முடியாது. கடலில் இருப்பதால் ஒரு வகுப்பைத் தவறவிட்டவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

மறையுரைக்கு_அப்பால் எழுதியது:

குழுவுக்கு இரண்டு பேர், தனி ஆள் வேண்டாம். ஒருவர் நடத்த, மற்றவர் யார் பேசவில்லை, யார் இடம் கொடுக்காமல் பேசுகிறார் என்று கவனிக்கட்டும். நன்றாகப் பிரசங்கம் செய்பவரைத் தேடாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவர் போதும். விசைப்படகுக் குழுவுக்கு ஒருவராவது தொழிலுக்குப் போகிறவராக இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை பங்குத்தந்தையோ சிஸ்டரோ இவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரும் பகுதியை முன்கூட்டியே நடத்திக் காட்ட வேண்டும். அவர் எல்லா வகுப்புக்கும் வருவதைவிட இது பலன் தரும். ஆழமாகப் படிக்க விரும்புகிறவரைத் திண்டிவனத்தில் உள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் பயிற்சிகளுக்கு அனுப்பப் பேரவை செலவு ஏற்கலாம்.

ஒரு குழுவில் 12 பேர்வரை. 15 தாண்டினால் பிரியுங்கள். கோயில் பெஞ்சில் வரிசையாக உட்காராமல் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எல்லாரும் மறையுரை கேட்கும் மனநிலைக்குப் போய்விடுவார்கள்.

தவறவிட்டவருக்கு: பகுதியை வாசித்து வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாகப் போடுங்கள், ஒரு துண்டு 4 நிமிடத்துக்குள். வகுப்பு முழுவதையும் பதிவு செய்து போடாதீர்கள், யாரும் கேட்பதில்லை, வகுப்பில் பேசியவருக்கும் கூச்சம் வரும். கரையிலிருந்து போகப் போகச் சிக்னல் விட்டுவிடும், அதனால் படகு கிளம்பும் முந்தைய இரவே பதிவு கைப்பேசியில் இறங்கியிருக்க வேண்டும். புதன் போகும் படகுக்குச் செவ்வாய் இரவு 8 மணிக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த வகுப்பின் முதல் 5 நிமிடத்தில், போன வாரம் வந்த ஒருவர் நடந்ததைச் சொல்லட்டும், நடத்துபவர் சொல்ல வேண்டாம்.