‘சோலோ ட்யூனிங்’: ஏற்றச் சுருதி எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசையில் வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரியதும் மிகத் தாழ்ந்து ஒலிப்பதுமான டபுள் பாஸைத் தனித்து முன்னிறுத்தும் படைப்புகளைப் பற்றிய கட்டுரைக்காக, தனித்து வாசிப்பதற்கென அதன் தந்திகளைச் சேர்க்கும் முறையான ‘சோலோ ட்யூனிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இவ்விழையில் தனிச்சுருதி, பண்ணல், இசைவு என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. கருவியின் பெயரை டபுள் பாஸ் என்றே விட்டுவிடலாம். ‘இரட்டை’ என்று தொடங்கும் எந்தப் பெயரும் இரண்டு கருவிகளை நினைவூட்டுமே தவிர, செல்லோ என்னும் சற்றுச் சிறிய கருவியின் வரியை ஒரு ஸ்தாயி கீழே இரட்டித்த பழைய பணியை நினைவூட்டாது. ‘இசைவு’ சம்மதம் என்ற பொருளில் வேரூன்றிவிட்டதால் அதையும் விட்டுவிடலாம்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இசைக்குழுவில் இக்கருவியின் நான்கு தந்திகளும் தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்ற மேற்கத்திய சுரங்களில் சேர்க்கப்படுகின்றன. ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் நீளமுள்ள அத்தடித்த தந்திகளின் ஒலி மற்ற கருவிகளுக்கு அடியில் எளிதாக அமிழ்ந்துவிடும் என்பதால், தனித்து வாசிப்பவர் சற்று மெல்லிய தந்திகளைப் பூட்டி, எல்லாவற்றையும் ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) உயர்த்தி, எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என வைத்துக்கொள்கிறார். அவர் பார்க்கும் சுரக்குறிப்பும் விரல் வைக்கும் இடமும் மாறுவதில்லை. ஒலி மட்டும் ஏறுகிறது. 1905இல் மாஸ்கோவில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட ரஷ்ய டபுள் பாஸ் கலைஞர் குசெவிட்ஸ்கியின் கான்செர்ட்டோவில் (தனிக்கருவி இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு), வாசிப்பவர் ஈ மைனரில் எழுதியதைப் படிக்க, கேட்பவர் காதில் எஃப் ஷார்ப் மைனர் விழுவது இதனால்தான். ஒரு கட்டையில் பாடியவர் இரண்டு கட்டைக்கு மாறினால் சுரவரிசை மாறாமல் சுருதி மட்டும் ஏறுவதைப் போன்றதே இது. (அடுத்தடுத்த கட்டைகளுக்கிடையே எப்போதும் முழுச்சுர இடைவெளி இருப்பதில்லை என்பதால் ‘ஒரு கட்டை ஏற்றம்’ என்று சொல்லாக்கிவிட முடியாது.)

‘தனிச்சுருதி’ மூலச்சொல்லுக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நம் கச்சேரி வழக்கில் ‘தனி’ என்றதும் மிருதங்கமே நினைவுக்கு வரும். கான்செர்ட்டோ வாசிப்பவரோ ஒரு முழு இசைக்குழு உடன்வர வாசிக்கிறார். அதைவிடப் பெரிய தடை வரலாற்றில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வியன்னா மரபில் டிட்டர்ஸ்டோர்ஃப், வான்ஹால், ஷ்பெர்கர் ஆகியோர் இக்கருவிக்கு எழுதிய கான்செர்ட்டோக்களும், 1791இல் மோட்ஸார்ட் ஆழ்ந்த ஆண்குரலோடு இதை இணையாக நடத்திய பாடலும், எஃப், ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ என்ற ஐந்து தந்திச் சேர்க்கையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அந்தச் சேர்க்கை தனிவாசிப்புக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. அவ்வூரில் அதுவே வழக்கம். இத்தாலியரான போட்டெசினியோ மூன்று தந்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே வியக்கவைத்தார். இன்று இயல்பான சேர்க்கையிலேயே தனிப்படைப்புகளை வாசிப்போரும் உள்ளனர். இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் ‘தனிச்சுருதி’ என்றால், பிறவற்றில் தனிவாசிப்பே நிகழவில்லை என்று வாசகர் எண்ணக்கூடும்.

‘பண்ணல்’ என்ற பரிந்துரையை வாசித்தபோது மகிழ்ந்தேன். சிலப்பதிகாரக் கானல்வரி சொல்லும் எட்டு வகைக் கலைத்தொழில்களில் முதலாவது அது. பாடக் கருதிய பண்ணுக்கேற்ப யாழ் நரம்புகளை வீக்கி அமைப்பதைக் குறிக்கும். ஆனால் பண்ணுக்குப் பண் மாறுவது அது. நாம் பேசுவதோ எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறுவது. ஒரு படைப்புக்காகச் சில தந்திகளை மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சேர்க்கும் முறைக்கு இச்சொல்லைக் காத்துவைப்பது நல்லது. ‘வீக்குதல்’ என்பதையும் எடுத்துப் பார்த்தேன். இக்காலத்தில் வீக்கம் என்றால் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள்.

எனவே ‘ஏற்றச் சுருதி’ என்பதையும், அதற்கு இணையாக ‘இயல்புச் சுருதி’ என்பதையும் முன்மொழிகிறேன். யார் வாசிக்கிறார் என்பதைச் சொல்லாமல் தந்திக்கு என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்வதே இதன் நன்மை. நான்கு தந்திகளும் வெவ்வேறு சுரத்தில் நிற்க அதைச் ‘சுருதி’ எனலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீணையின் ச, ப, ச, ப தந்திகளையும் சுருதி சேர்ப்பதாகத்தானே சொல்கிறோம்?

விளக்கக் குறிப்பு இவ்வாறு அமையலாம்: “ஏற்றச் சுருதி: டபுள் பாஸின் தந்திகள் அனைத்தையும் இயல்புச் சுருதியினும் ஒரு முழுச்சுரம் உயர்த்திச் சேர்த்தல். இக்கருவிக்கான குறிப்பு பொதுவாக ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவதால், ஏற்றச் சுருதியில் எழுதிய சுரம் மைனர் செவன்த் (பத்து அரைச்சுரம்) அளவு கீழே ஒலிக்கும்.” இந்தக் கடைசி அளவுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் இன்னும் சொல் இல்லை என்பதால் ஒலிபெயர்த்தே வைத்திருக்கிறேன், அதற்குத் தனி இழை தொடங்கலாம். ஐந்து தந்தி முறைக்கு ‘வியன்னாச் சுருதி’ என்றொரு பதிவும் தேவை. செல்லோ வாசிக்கும் நண்பர் அதன் விளக்கத்தை எழுதித் தந்தால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.