அத்தையோட தழும்பு தெரியுற போட்டோ, எக்ஸிபிஷன்ல வைக்கலாமா?

காசிமேடு கேமராக்காரி:
ஒரு வருஷமா எங்க அத்தைய போட்டோ எடுத்துனு இருக்கேன், மீன் விக்கிறாங்க, விடியறதுக்குள்ள ஏலத்துக்குப் போய்டுவாங்க. கூடையோட நிக்கிற படம்னா எல்லாரும் "உழைக்கும் கரங்கள்"னு ஹார்ட்டு போடுறாங்க. எனக்குப் புடிச்சது வேற. மதியம் ஃபேனுக்கு அடியில முந்தானைய தள்ளிட்டு உக்காந்திருக்காங்க, தொப்புளுக்குக் கீழ நேரா இறங்குற சிசேரியன் தழும்பு, பாவாடை நாடா இறுக்கி இறுக்கி இடுப்புல கறுத்துப்போன தடம், விரல்ல ஒரு செதில் ஒட்டினு இருக்கு, கண்ணு நேரா கேமராவப் பாக்குது. எக்ஸிபிஷன் நடத்துறவரு "தழும்ப அழிச்சுடுங்க, ஃபேமிலி வருவாங்க"ங்கிறாரு. அதே ஹால்ல ஈரப்புடவைல ஒரு மாடல் படம் அவரே மாட்டிருக்காரு, அது மட்டும் ஓகேவாம்! இன்னா பதில் சொல்றது?

தண்டையார்பேட்டை தம்பி:
அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டு பொம்பளைய எதுக்கு ஊருக்குக் காட்டணும்?

வியாசர்பாடி வாசகி:
தம்பி, ஈரப்புடவைய யாரும் கேக்கலையே, தழும்புக்கு மட்டும் ஏன் பதறுறீங்க? 1989லயே கொரில்லா கேர்ள்ஸ்னு ஒரு பெண் கலைஞர்கள் குரூப் நியூயார்க் மெட் மியூசியத்துல எண்ணிப் பாத்து போஸ்டரே போட்டாங்க, மாடர்ன் ஆர்ட் பகுதில பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் கம்மி, ஆனா நிர்வாண ஓவியத்துல 85 சதவீதம் பொண்ணுங்க. தோழி, நீங்க ஜோ ஸ்பென்ஸ் தேடிப் பாருங்க. இங்கிலாந்து போட்டோகிராபர், 1982ல மார்புல கேன்சர் ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மார்பு மேலயே "ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?"னு எழுதி படம் எடுத்துக்கிட்டாங்க, கடைசில இருக்குற அந்த கேள்விக்குறிதான் விஷயமே. நம்ம பக்கத்துல பெங்களூரு ஆர்ட்டிஸ்ட் புஷ்பமாலா. கிளேர் ஆர்னிங்கிற போட்டோகிராபரோட சேர்ந்து 2000லேர்ந்து 2004 வரைக்கும் ஒரு சீரிஸ் பண்ணாங்க, ரவிவர்மா லட்சுமியா அவங்களே வேஷம் கட்டி நிப்பாங்க. வெள்ளைக்காரன் கட்டம் போட்ட துணி முன்னாடி நம்ம ஜனங்கள நிக்க வச்சு உடம்ப அளந்தான்ல, அந்த மாதிரியும் நின்னு காட்டிருக்காங்க. சென்னை போட்டோ பியனாலேன்னு ஒரு பெரிய போட்டோ கண்காட்சி நடக்குதுல்ல, 2019ல அதுக்குப் படங்களத் தேர்ந்தெடுத்து அமைச்ச கலை இயக்குநரும் அவங்கதான். ஆனா ஒண்ணு, இவங்க ரெண்டு பேரும் தன் உடம்பத்தான் வச்சாங்க. நீங்க வைக்கிறது அத்தையோடது. அவங்களக் கேட்டீங்களா?

பழைய வண்ணை ஸ்டூடியோ:
நான் டச்சப் பண்ணே காலம் ஓட்டினவன்மா. அப்பல்லாம் நெகட்டிவ்ல கூரான பென்சில வச்சு பொண்ணு மூஞ்சில இருக்குற அம்மைத்தழும்ப புள்ளி புள்ளியா மூடுவோம், மாப்ள வீட்டுக்கு அனுப்புற படம். ஆம்பளைங்க படத்துக்கு யாரும் கேட்டதில்ல. ஒரு பொண்ணு மட்டும் "அண்ணே, இது நான் இல்லியே"ன்னுச்சு, அவங்கப்பா காச குடுத்து வாங்கினு போய்ட்டாரு. உன் படத்துல கைய வைக்காத.

காசிமேடு கேமராக்காரி:
கேட்டேன்க்கா, எடுக்கும்போது கேட்டதோட சரி, மாட்டப்போறேன்னு சொல்லவே இல்ல, அது என் தப்புதான். நேத்து பிரிண்ட கைல குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "தழும்பு கெடக்கட்டும்டி, பின்னாடி கிழிஞ்ச ஸ்கிரீன் தெரியுது பாரு, அத இன்னாத்துக்கு எடுத்த"ன்னாங்க. ஏலத்துல கூட நிக்கிறவங்க பாக்க வந்தா முன்னாடியே சொல்லணுமாம், நல்ல புடவை கட்டினு வந்து படத்துக்குப் பக்கத்துல நிப்பாங்களாம். இப்போ ஸ்கிரீன மாத்திட்டு மறுபடி எடுக்கறதா வேணாமா, அதான் ஓடினு இருக்கு.