பத்மினிக்கு வேற கார்ப்ரேட்டர் மாட்டினேன், சோக் இழுத்தா தான் ஓடுது

பாலாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நைனாவோட 86 மாடல் பிரீமியர் பத்மினி, காட்பாடி வீட்டு ஷெட்ல ஆறு வருஷமா சும்மா நின்னுகினு இருந்துச்சு, அவரு போனப்புறம் யாரும் எடுக்கல. போன மாசம் டேங்க்கை எறக்கி கழுவி, பழைய சோலெக்ஸ் கார்ப்ரேட்டர்ல த்ராட்டில் ஷாஃப்ட் லொடலொடன்னு ஆடுனதால வேற ஒண்ணு வாங்கி நானே மாட்டினேன். காலையில சோக் இழுத்து செல்ஃப் அடிச்சா உடனே ஸ்டார்ட் ஆயிடுது, ஆனா சூடு ஏறினப்புறம் சோக்கை உள்ள தள்ளினா ஸ்லோ ஸ்பீடு ஏறி எறங்கி ஏறி எறங்கி ஆஃப் ஆயிடுது. பாதி சோக்குல விட்டா ஜம்முனு ஓடுது. ஆக்சிலேட்டரை அழுத்துனா ஒரு செகண்டு திணறி கார்ப்ரேட்டர் வாயிலயே டப்புனு அடிக்குது. மிக்சர் ஸ்க்ரூவை எவ்ளோ திருப்புனாலும் வித்தியாசமே தெரியல. நேத்து கிரீன் சர்க்கிள் சிக்னல்ல மூணு தடவை நின்னுடுச்சு. கார்ப்ரேட்டரை திருப்பிக் குடுத்துடலாமா? இந்த வண்டியில தான் நான் ஸ்டீரிங் புடிக்க கத்துகினேன், விக்க மனசு வரல.

குடியாத்தம் மேஸ்திரி:
தம்பி, கார்ப்ரேட்டரை திருப்பிக் குடுக்காதீங்க. நீங்க எழுதுனதுலயே பதில் கீது. சோக் இழுத்தா காத்து கொறையும், அப்ப நல்லா ஓடுதுன்னா மத்த நேரம் பெட்ரோல் கம்மியா காத்து ஜாஸ்தியா போவுதுன்னு அர்த்தம். எடைக் கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து போனா தான் சரியா எரியும், கார்ப்ரேட்டருக்கு கீழ எங்கயோ சந்து வழியா திருட்டுக் காத்து பூந்துச்சுன்னா அது ஜெட்டு (பெட்ரோல் அளவா வர்ற சின்ன ஓட்டை) பக்கமே வராது, அப்புறம் நீங்க ஸ்க்ரூவை திருப்பி என்ன புண்ணியம்.

என்ஜினை ஓடவிட்டு, கார்ப்ரேட்டர் அடியில கேஸ்கெட் இருக்கற எடத்துலயும் மேனிஃபோல்டு (கலவை என்ஜினுக்குள்ள போற குழாய்) ஹெட்டோட சேர்ற எடத்துலயும் பாட்டில்ல தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, எங்க அடிக்கறப்ப சத்தம் மாறுதோ அங்க லீக்கு. சில பேரு பெட்ரோலை ஊத்திப் பாப்பாங்க, பக்கத்துலயே எக்சாஸ்ட் கொதிச்சுகினு இருக்கும், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. லீக்கு தெரிஞ்சா கழட்டி, அடிப்பக்கம் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துல பாருங்க, நட்டை ஒரே பக்கமா முறுக்கினா வளைஞ்சிடும். கார்ப்ரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல தடிமனா ஒரு ஃபைபர் துண்டு இருக்கும், அதையும் பாருங்க. மேனிஃபோல்டு சூடு மேல ஏறாம தடுக்கறது அது தான், நம்ம வெயிலூர்ல அது சரியில்லன்னா கத்திரியில ஃப்ளோட் கிண்ணத்துலயே பெட்ரோல் கொதிச்சிடும்.

இதெல்லாம் முடிச்சு, பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக கரெண்டை வெட்டி வெட்டி விடற காண்டாக்ட்) கேப்பும் டைமிங்கும் மேனுவல்ல போட்டிருக்கறபடி வெச்சப்புறம் தான் ட்யூனிங். என்ஜின் நல்லா சூடா இருக்கணும், சோக் முழுசா உள்ள இருக்கணும். மிக்சர் ஸ்க்ரூவை முட்டற வரைக்கும் மெதுவா திருகுங்க, அழுத்துனா ஊசிமுனை நசுங்கிடும். அங்கேர்ந்து ஒண்ணரை சுத்து வெளிய. அப்புறம் கால் கால் சுத்தா திருப்பி, எங்க ஸ்பீடு ஏறி ஆட்டம் இல்லாம நிக்குதோ அங்க விட்டுட்டு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை எறக்குங்க. மறுபடி மிக்சர். ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி செஞ்சா தான் ஒக்காரும், அவசரப்படாதீங்க.

ராணிப்பேட்டை டிலைட்:
அண்ணன் சொன்னதோட இதையும் பாருங்க. என்ஜின் ஆஃப்ல ஏர் ஃபில்டரை கழட்டி ஆக்சிலேட்டர் லிவரை தள்ளினா உள்ள பெட்ரோல் கோடு மாதிரி பீச்சணும். பீச்சலன்னா பம்ப் டயாஃப்ரம் (பெட்ரோலை பீச்சற சவ்வு) போச்சு, அழுத்துனா திணறல் அதனாலயும் வரும். இன்னொண்ணு, இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால பழைய ஜெட்டுக்கு கலவை இன்னும் லீன் (பெட்ரோல் கம்மி) ஆவும். என் ஃபியட்டுக்கு மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தினப்புறம் தான் நிம்மதி. ஆனா லீக்கை அடைக்காம ஜெட்டை தொடாதீங்க. பழைய ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க, எனக்கு உள்பக்கம் ஊறி உரிஞ்சு நீடில் வால்வுல (ஃப்ளோட் கிண்ணத்துக்கு பெட்ரோல் வர்றதை அடைக்கற ஊசி) போயி மாட்டி பெட்ரோல் வழிஞ்சு கொட்டுச்சு, நல்லவேளை வண்டி ஷெட்ல நின்னுச்சு.

பாலாத்தங்கரை:
அண்ணே, தண்ணி அடிச்ச ஒடனே சத்தம் மாறிடுச்சு! கார்ப்ரேட்டர் அடி நேரா தான் இருக்கு, ஃபைபர் துண்டுல தான் முடி மாதிரி விரிசல், நான் பழசையே தொடைச்சு திரும்ப போட்டிருந்தேன். பழைய சாமான் கடையில நல்லது ஒண்ணு கிடைச்சுது, ரெண்டு பக்கமும் புது கேஸ்கெட் போட்டேன். பாயிண்ட்டும் குழி விழுந்திருந்துச்சு, மாத்திட்டேன். டயாஃப்ரம் நல்லா பீச்சுது, ஹோஸும் புதுசு. இப்ப மிக்சர் ஸ்க்ரூ கால் சுத்துக்கே பதில் சொல்லுது. நேத்து ராத்திரி பாலாத்து பாலம் தாண்டி போயிட்டு வந்தேன், எங்கயும் ஆஃப் ஆவல. அம்மா முன் சீட்டுல ஒக்காந்துகினு, உங்க நைனா கேட்டுக்கு வர்றப்ப இந்த சத்தம் தான் கேக்கும்னாங்க. ஞாயித்துக்கிழமை அவங்கள ஏலகிரி கூட்டினு போலாமா?

குடியாத்தம் மேஸ்திரி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு முன்னாடி ஹைவேல பத்து பதினைஞ்சு கிலோமீட்டர் ஒரே வேகத்துல ஓட்டி, ஓரமா நிறுத்தி, ஆறினப்புறம் நாலு பிளக்கையும் கழட்டிப் பாருங்க. காப்பித்தூள் கலர்ல இருந்தா தாராளமா ஏறலாம். வெள்ளையா இருந்தா இன்னும் லீன், லோடுல பிஸ்டன் சூடாயிடும், ராணிப்பேட்டைக்காரர் சொன்ன ஜெட்டை போட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க. பிளக் போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.