மறு: கவ்வியும் கோலும் உள்ள கத்தி தீட்டும் கருவிக்குச் சொல்

அனைவருக்கும் வணக்கம். கத்தியைக் கவ்வியில் பிடித்து, கோலில் பொருத்திய கல்லால் குறித்த சாய்வில் தீட்டும் கருவிக்கு நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது.

> "வழிகாட்டித் தீட்டுக்கல்" பொருந்துமா?

பொருந்தாது என்றே நினைக்கிறேன், ஐயா. இந்தக் கருவியில் கல் ஒரு உறுப்புதான். அதையும் நடுவில் மாற்றிக்கொண்டே இருப்போம். லான்ஸ்கி நிறுவனத்தின் கருவிப் பெட்டியில் 120, 280, 600 நம்பர் கற்கள் (நம்பர் கூடக் கூடக் கல் நைசாகும்) வரிசையாக வரும். வேலையின் உயிர் கல்லில் இல்லை, சாய்வில் இருக்கிறது. கவ்வி கத்தியின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். கல்லோடு சேர்ந்த கோல், கவ்வியின் பின்பக்கம் மேலும் கீழுமாக உள்ள துளைகளில் ஒன்றுக்குள் போய்வரும். எந்தத் துளை என்பதுதான் சாய்வு: 17, 20, 25, 30 பாகை. காய் நறுக்கும் கத்திக்கு 20 போதும். கறிக்கடைக் கத்திக்கு 25 வையுங்கள், எலும்பில் பட்டாலும் சட்டென்று மழுங்காது.

அடுத்து, "மாறாக்கோணத் தீட்டி". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. துளையின் உயரம் மாறாது. துளைக்கும் அலகின் விளிம்புக்கும் உள்ள தூரம் மாறும். கவ்விக்கு நேர் எதிரே தூரம் குறைவு, நுனிப் பக்கம் போகப் போக அதிகம். தூரம் கூடினால் சாய்வு குறையும். அகலமான கத்தியை மாட்டினாலும் இதே கதை, 20 என்று எழுதிய துளை 20 தராது. நீளமான கத்தியை இரண்டு இடத்தில் மாற்றிக் கவ்வச் சொல்வது இதனால்தான். கருவி தரும் உறுதி வேறு: அலகின் ஒரு புள்ளியில் எத்தனை தடவை கல் போனாலும் அதே சாய்வில் போகும். வெறுங்கையால் தீட்டும்போது அதுதான் நிற்பதில்லை. ஆகவே பெயரில் "மாறா" வேண்டாம்.

"கோணம்" பற்றியும் ஒரு தயக்கம். வேலூர் லாங் பஜாரில் "கோணத்தீட்டி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், கோணலாகத் தீட்டுவதா என்று சிரிப்பார்கள்! சாய்வு என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

"சாணை" சேர்க்கலாமே என்று கேட்ட நண்பருக்கு: எங்கள் பக்கம் சாணை பிடிப்பது என்றால் சைக்கிளை நிறுத்தி, பெடல் மிதித்து, தீப்பொறி பறக்கச் சக்கரம் சுற்றுவது. கல்லை முன்னும் பின்னும் இழுப்பது தீட்டுவதுதான். இரண்டையும் ஒன்றாக்கினால் நாளைக்குச் சக்கரத்துக்குத் தனிச்சொல் தேட வேண்டிவரும்.

எனவே என் முன்மொழிவு: சாய்வுத்தீட்டி. உறுப்புகள்: கவ்வி, கோல், சாய்வுத்துளை, தீட்டுக்கல்.

கூடவே இரண்டு சொற்கள். ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் மயிரிழைபோல மடங்கி நிற்கும் இரும்புக்கு "முள்" என்று போன மடலில் பார்த்தேன். அறுத்த இரும்பில் நிற்பதைப் பட்டறையில் "பிசிறு" என்பார்கள், இதுவும் அதே வகைதான். புதிதாக எதற்கு? முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வழித்தால் பிசிறு தட்டும். விளிம்பு நெடுகத் தட்டிய பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும், அதற்கு முன் திருப்பினால் வேலை பாதிதான்.

கடைசியில் அந்தப் பிசிறை எடுக்கும் தோலுக்கு: முடிதிருத்துபவர் சவரக்கத்தி தேய்க்கும் தொங்கும் பட்டை "தீட்டுவார்" (தீட்டு + வார், அதாவது தீட்டும் தோல்வார்). பலகையில் ஒட்டிய தோலுக்குத் "தோல் தீட்டுமரம்" எனலாம். தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது என்று பழமொழியில் வரும் அதே மரம்தான், மேலே கல்பொடிக்குப் பதில் தோல், அவ்வளவே. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தோல் துண்டுக்கு அலைய வேண்டியதில்லை, மற்றவர்கள் பழைய பெல்ட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கத்தியை விளிம்பு பின்னால் வர இழுக்க வேண்டும், முன்னால் தள்ளினால் தோல் கிழியும்.

தோலில் தடவும் பச்சைப் பசைக்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. "மெருகுப்பசை" என்றால் நகை வேலை செய்பவர்கள் மறுப்பார்களா? அந்தத் தொழில் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.