வலையா, விரியுருவா?

கனசதுரத்தின் சில விளிம்புகளை வெட்டித் தட்டையாக விரித்தால் கிடைக்கும் உருவத்துக்கு என்ன பெயர் வைப்பது? ஆங்கிலத்தில் net எனப்படும் இதற்குத் தமிழில் வலை, வலைப்பின்னல், விரிவு, விரிதாள் என்று நான்கு சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன. நான் 'விரியுரு' என்பதை முன்வைக்கிறேன்.

விரிதாள் கணினியில் கட்டம் போட்டுக் கணக்கெழுதும் கோப்புக்கு நிலைத்துவிட்டது. வலைப்பின்னல் கணினிகளை இணைக்கும் அமைப்பைக் குறிக்கிறது. விரிவு என்றதும் (a + b)² போன்றவற்றை விரித்தெழுதும் ஈருறுப்பு விரிவுதான் நினைவுக்கு வரும். ஆக, உண்மையான போட்டி வலையோடுதான்.

"வலை பழகிய சொல், சின்னச் சொல், ஏன் மாற்ற வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. கனசதுரத்தோடு பாடம் முடிந்துவிடுமானால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆறு சதுரங்கள் ஒட்டிக் கிடப்பது பார்வைக்குக் கொஞ்சம் வலைபோலத்தான் இருக்கிறது. பாடநூலின் அடுத்த பக்கத்தில் கூம்பு வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. ஆரம் 3 செ.மீ., உயரம் 4 செ.மீ. உள்ள கூம்பின் சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடிவட்டத்தின் ஓரம் வரை சாய்வாக அளக்கும் நீளம், 5 செ.மீ. அதன் வளைபரப்பை விரித்தால் 5 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டக்கோணப்பகுதி வரும்; மையக்கோணம் 360 × 3 ÷ 5 = 216°. கண்ணியோ குறுக்குக்கோடோ இல்லாத அந்த வழுவழுப்பான துண்டை 'வலை' என்றால் சொல்லுக்கும் பொருளுக்கும் ஒட்டவில்லை. விரியுரு என்றால், எதையோ விரித்ததால் வந்தது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. விரித்தது எது என்று மாணவர் தேடுவார். சாயுயரம்தான் ஆரமாகிறது என்பது அங்கே பிடிபடும். இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, உயரமான 4-ஐ ஆரமாக எடுப்பது. அப்போது கோணம் 270° ஆகும். சுருட்டினால் அடி சரியாகவே பொருந்தும், ஆனால் கூம்பின் உயரம் √7, அதாவது ஏறத்தாழ 2.65 செ.மீ.தான் வரும்.

இலக்கணமும் துணைக்கு வருகிறது. விரியுரு வினைத்தொகை: விரிந்த உரு, விரிகின்ற உரு, விரியும் உரு. குடும்பச் சொற்களும் தாமாகவே வளர்கின்றன. செயல் 'விரித்தல்'; உருளை, கூம்பு போல நீட்டாமல் கிழிக்காமல் தட்டையாக்கக்கூடியது 'விரிபரப்பு'. "கோளத்துக்கு விரியுரு இல்லை" என்ற வரி உடனே புரியும். "கோளத்துக்கு வலை இல்லை" என்றால் விளக்கம் கேட்பார்கள்.

வரையறையில் ஒன்றை விட்டுவிடக் கூடாது: விரித்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அதை விரித்தல் என்று சொல்லலாம், விரியுரு என்று சொல்ல முடியாது. இது வெறும் சொற்பிரிப்பு இல்லை. எந்தக் குவிவுப் பன்முகியையும் (தட்டையான முகங்களால் ஆன, எங்கும் உள்குழியாத திண்மம்) விளிம்புகளில் மட்டும் வெட்டி, முகங்கள் ஏறாமல் விரித்துவிட முடியுமா என்று 1975-இல் கணிதவியலாளர் ஷெப்பர்டு எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. 'வலை' என்ற பெயர்ச்சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதே கடினம்.

விளிம்புகளையும் இரண்டாகப் பிரித்துப் பெயரிட வேண்டும்: வெட்டுவிளிம்பு, மடிப்புவிளிம்பு. கனசதுரத்துக்கு 12 விளிம்புகள். ஆறு முகங்களும் ஒரே துண்டாக நிற்க 5 மடிப்புவிளிம்புகள் வேண்டும்; எனவே மீதி 7 வெட்டுவிளிம்புகள். சுழற்றியும் புரட்டியும் வருபவற்றை ஒன்றாகவே எண்ணினால், ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பாக ஒட்டி 35 வடிவங்கள் அமைக்கலாம். அவற்றில் 11 மட்டுமே கனசதுரத்தின் விரியுருக்கள். 2 × 3 செவ்வகம் ஏன் ஆகாது? அதன் நடுவே ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள், 360°. கனசதுரத்தின் உச்சியில் மூன்றுதான் சந்திக்கின்றன, 270°. ஒரே வரிசையில் ஐந்து சதுரங்கள் இருந்தாலும் ஆகாது. ஐந்தாவது முதலாவதன் மேல் போய் உட்காரும்.

கடைசியாக, பசை தடவ விடும் நீட்டல். 'மடிப்பு' என்றால் மடிப்புவிளிம்போடு குழம்பும், 'ஒட்டுமடல்' போதும். ஒவ்வொரு வெட்டுவிளிம்பும் விரியுருவின் ஓரத்தில் இரு பக்கங்களாகத் தெரிவதால் ஓரத்தில் 14 பக்கங்கள்; ஒட்டுமடல்கள் 7. எதில் வைப்பது என்று திணற வேண்டாம்: ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றுவிட்டு ஒன்றில் வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டப்போகும் இரு பக்கங்களுக்கு இடையில் எப்போதும் இரட்டை எண்ணிக்கையிலேயே பக்கங்கள் இருக்கும், ஏனென்றால் இடையிலுள்ளவை தமக்குள்ளேயே இணைசேர்ந்து விடுகின்றன. அதனால் இணையில் ஒன்றுக்கு மடல் வரும், மற்றதற்கு வராது. நேர்கோட்டில் தொடரும் இரு பக்கங்களை ஒன்றாக எண்ணிவிட்டால் மட்டும் கணக்கு தவறும்.