கலைச்சொல்: கைக்கு வராமல் போன வெற்றி – ‘நிலுவை’யா, ‘குறை’யா, ‘துண்டு’ விழுந்ததா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் மூன்று இடம் காலியாக இருக்கிறது. எடுத்துக்காட்டாக 2023 சான் டியாகோ பாட்ரேஸ் அணியை வைத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு பிளே-ஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை வெளியேற்றிய அணி. டிசம்பரில் ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுக்கு 28 கோடி டாலர், பிப்ரவரியில் மேனி மச்சாடோவுக்கு 11 ஆண்டுக்கு 35 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஹுவான் சோட்டோ, டட்டீஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர்களும் ஏற்கெனவே கையில். அப்படியிருந்தும் ஜூலையில், சீசன் நடுவே ஆல்-ஸ்டார் இடைவேளை வந்தபோது 43 வெற்றி, 47 தோல்வி. எடுத்த ஓட்டம் கொடுத்த ஓட்டத்தைவிட அதிகம். ஆனால் வென்றதைவிடத் தோற்றது அதிகம். ரசிகர்களின் வயிற்றெரிச்சல் அதுதான்.

என் முன்மொழிவு:
ரன் டிஃபரென்ஷியல் – ஓட்ட வேறுபாடு
பைதாகரஸ் எக்ஸ்பெக்டேஷன் (எடுத்த, கொடுத்த ஓட்டங்களை வைத்து எத்தனை வெற்றி வர வேண்டும் என்ற கணக்கு) – பைதாகரஸ் வெற்றி
அந்தக் கணக்கு சொல்லும் வெற்றியில் உண்மையான வெற்றியைக் கழித்தால் வருவது – வெற்றி நிலுவை

கருத்து சொல்லுங்கள்.

———

> ஓட்ட வேறுபாடு

வேறுபாடு என்றால் யார் பக்கம் கூடுதல் என்று தெரியாது. ‘104 வேறுபாடு’ என்றால் பிளஸ்ஸா மைனஸா? ‘நிகர ஓட்டம்’ என்று வைக்கலாம். நிகர லாபமும் உண்டு, நிகர நட்டமும் உண்டு. இரு பக்கமும் போகக்கூடிய சொல். பாட்ரேஸ் அந்த ஆண்டு முழுக்க எடுத்தது 752, கொடுத்தது 648. நிகர ஓட்டம் +104. மயாமி மார்லின்ஸ் எடுத்தது 666, கொடுத்தது 723. நிகர ஓட்டம் −57.

கிரிக்கெட்டின் ‘நிகர ரன் விகிதம்’ குறுக்கே வருமே என்றால், வராது. அது ஓவருக்கு இவ்வளவு என்ற விகிதம், இது மொத்தம். ‘ரன்’னா ‘ஓட்ட’மா என்பதில் நான் ஓட்டம் பக்கம். இலங்கைப் பத்திரிகைகளில் ஓட்டம் என்றுதான் எழுதுகிறார்கள், படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை.

———

நிகர ஓட்டத்துக்கு என் வாக்கு. ஆனால் ‘பைதாகரஸ்’ வேண்டவே வேண்டாம். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் அந்தப் பெயரை வைத்தது, சூத்திரத்தில் வர்க்கங்களின் கூட்டல் வருவதால். முக்கோணம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட நினைவில் படிப்பவர் செங்கோணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

கணக்கு இவ்வளவுதான். எடுத்த ஓட்டத்தின் வர்க்கம் 5,65,504. கொடுத்ததன் வர்க்கம் 4,19,904. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.574. அதை 162 ஆட்டத்தால் பெருக்கினால் 93 வெற்றி. இப்போது அடுக்கு 2-க்குப் பதில் 1.83 போடுகிறார்கள், உண்மைக்கு இன்னும் நெருக்கமாக வரும். அப்படிப் போட்டால் 92. கால்குலேட்டர் இல்லாதவருக்கு ஒரு கைக்கணக்கு: பத்து நிகர ஓட்டத்துக்கு ஒரு வெற்றி. 162-இல் பாதியான 81-உடன் 10 கூட்டினால் 91.

உண்மையில் வென்றது 82.

ஓட்டத்தின் வழியே வருவதால் ‘ஓட்டவழி வெற்றி’. எதிரே, உண்மையில் வென்றது ‘பட்டியல் வெற்றி’. முதலாவது 92, இரண்டாவது 82.

———

> வெற்றி நிலுவை

இதை ஏற்க முடியாது. சொல் அழகாக இருக்கிறது, பொருள் தப்பு.

நிலுவை என்றால் வரவேண்டியது; இன்றில்லாவிட்டால் நாளை வந்துசேரும். ஜூலையில் சான் டியாகோ ரசிகர்கள் ஏமாந்தது இதே இடத்தில்தான்: ‘இவ்வளவு துரதிர்ஷ்டம் பட்டாயிற்று, இரண்டாம் பாதியில் வட்டியோடு திரும்பி வரும்’ என்று. பூவா தலையா போட்டு ஐந்து முறை பூ விழுந்தால் ஆறாவது முறை தலை கடன்பட்டிருக்கிறதா என்ன?

கணக்கில் பாருங்கள். இடைவேளைக்குப் பின் மிச்சம் 72 ஆட்டம். நிலுவை முழுக்க வசூலாகி 92-ஐத் தொட, அதில் 49 வெல்ல வேண்டும். முழு சீசனும் அந்த வேகத்தில் ஆடும் அணி 110 வெல்லும். நடக்கிற காரியமா? ஓட்டவழிக் கணக்குச் சொல்வது வேறு: இனிமேல் உன் தரத்துக்கு ஆடுவாய், அவ்வளவுதான். ஆண்டு முழுக்கக் கிடைத்த 0.568-ஐயே 72-க்குப் போட்டால் 41. முன்னே வென்ற 43-உடன் சேர்த்தால் 84. அவர்கள் வென்றது 39, முடிவு 82–80. அரிசோனாவும் மயாமியும் 84 வெற்றியோடு பிளே-ஆஃபுக்குள் போய்விட்டன.

போனது போனதுதான் என்று சொல்லும் சொல் வேண்டும். ‘வெற்றிக் குறை’?

———

‘குறை’யில் ஒரு சிக்கல். குறை சொல்வது, குறை காண்பது என்று குற்றத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ‘வெற்றிக் குறைவு’ என்றாலும் தப்பவில்லை. நடுவில் வரும் ‘க்’ ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் ‘வெற்றி குறைவு’, அதாவது கொஞ்சமாகத்தான் வென்றது என்றாகிவிடும். 100 வென்ற அணிக்கும் நாம் சொல்லும் இழப்பு இருக்கலாம்.

குற்றமா, விதியா என்பதையும் சொல் முன்கூட்டியே தீர்மானிக்கக் கூடாது. பாட்ரேஸ் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வென்று 23 தோற்றது (இதற்கு ‘ஓரோட்ட ஆட்டம்’ என்று வைக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்). கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களில் 2–12. இரண்டையும் கூட்டிவிட வேண்டாம், பல ஆட்டங்கள் இரண்டு கணக்கிலும் வரும். 32 ஆட்டத்தைப் பூவா தலையா என்று வைத்தால் 16 வர வேண்டும், ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) ஏறக்குறைய 2.8. ஒன்பதோ அதற்கும் கீழோ வருவது நூற்றில் ஒன்று. கேட்க அரிதாக இருக்கும். ஆனால் லீக்கில் 30 அணி. மூன்று சீசனுக்கு ஒரு அணி இப்படி மாட்டத்தான் செய்யும்.

ஆனாலும் எல்லாவற்றையும் தலையெழுத்து மேல் போட முடியாது. பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் தளத்தில் ஓர் ஓட்டக்காரரைச் சும்மா நிறுத்திவைக்கிறார்கள். விருந்தாளியாக வந்த அணி இன்னிங்ஸின் முதல் பாதியில் ஓட்டம் எடுக்கவில்லை என்று வையுங்கள். சொந்த ஊர் அணிக்கு ஒரு பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) போதும், அந்த அணியின் ஓட்டக்காரர் மூன்றாம் தளத்துக்குப் போவார். அடுத்தவர் வெளிக்களத்துக்கு உயரத் தூக்கிக் கொடுத்தால், பந்து பிடிபட்டபின் அந்த ஓட்டக்காரர் ஓடி வீடு சேர்வார், ஓர் ஓட்டம் வந்துவிடும். ஒரு ஹிட் கூட இல்லாமல் ஆட்டம் முடிந்தது. இரண்டாம், மூன்றாம் தளத்தில் ஆள் நிற்கும்போது அடிக்கத் திணறும் அணிக்கு இந்த விதி எமன். பாட்ரேஸ் முதல் பாதியில் திணறியது அங்கேதான். பிட்சிங்கை (பந்தெறிதலை) நோக முடியாது: பிளேக் ஸ்னெல் 2.25 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பந்தில் கொடுத்த ஓட்டச் சராசரி) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், கடைசி இன்னிங்ஸுக்கு வரும் ஜாஷ் ஹேடருக்கு 33 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிய ஆட்டம்), ஈ.ஆர்.ஏ. 1.28.

நிகர ஓட்டத்திலும் கொஞ்சம் காற்று உண்டு. 2023 விதிப்படி 8 ஓட்டமோ மேலோ பின்தங்கிய அணி களத்தடுப்பாளரையே பிட்ச் செய்ய அனுப்பலாம். அவரிடம் அடித்த நாலு ஓட்டமும் +104-க்குள் வந்துவிடும். ஒருநாள் 10–1 என்று வென்று அடுத்த இரண்டு நாளும் 1–2 என்று தோற்றால் நிகர ஓட்டம் +7. பட்டியலில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி.

———

வீட்டிலும் பட்ஜெட்டிலும் நாம் சொல்வது ‘துண்டு விழுகிறது’. இலங்கை வரவு செலவுத் திட்டத்தில் ‘துண்டுவிழும் தொகை’ என்பது அரசாங்கச் சொல்லே. இதில் திரும்பி வரும் என்ற வாக்குறுதி இல்லை; யார் மேலும் பழியும் இல்லை. ‘நிகர’வோடு ஒரே கணக்குப் புத்தகத்தில் உட்காரும். ‘பாட்ரேஸுக்குப் பத்து வெற்றி துண்டு விழுந்தது.’

எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: உபரி. மார்லின்ஸின் ஓட்டவழி வெற்றி 75, பட்டியலில் 84. ஓரோட்ட ஆட்டங்களில் 33–14. ஆக உபரி 9. 2012 பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் இன்னும் வேடிக்கை: நிகர ஓட்டம் வெறும் +7, ஓரோட்ட ஆட்டம் 29–9, வெற்றி 93.

———

துண்டுக்கு நான் முழு மனதோடு சம்மதம். நிலுவையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

நிகர ஓட்டம்; ஓட்டவழி வெற்றி; பட்டியல் வெற்றி; வெற்றித் துண்டு (வினையாக: துண்டு விழு); வெற்றி உபரி; ஓரோட்ட ஆட்டம்.

பெயர்ச்சொல்லாக ‘வெற்றித் துண்டு’ தனியே நின்றால் வெற்றி பெற்றவருக்குப் போர்த்தும் துண்டு என்று படிக்க இடமுண்டு. அதனால் கட்டுரைகளில் முதல் தடவை வினையாகவே எழுதுவோம்.

அடுத்தது புல்பென், அதாவது மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம். ‘காளைப்பட்டி’ என்று மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம்.