பேஸ்மேக்கர் வைத்து 12 நாள்: அப்பா கையை அசைக்கவே பயப்படுகிறார்

வைகைக்கரை கேட்டது:

அப்பாவுக்கு 68 வயது. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்; அதாவது இதயத்தின் மேலறை மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேரவில்லை. இதயத்தைத் தூண்டும் இரண்டு வயர் பேஸ்மேக்கரை இடது நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்து இன்றோடு 12 நாள். தையல் பிரித்தாயிற்று, புண் காய்ந்துவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் "இடது கையைத் தூக்கக் கூடாது, செல்போனைத் தள்ளி வைக்கவும்" என்று இரண்டே வரி. அவரோ கையை உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இடதுபுறம் படுத்தால் 'திடும் திடும்' என்று கேட்கிறதாம், தூக்கமில்லை. நாளுக்குப் பத்து முறை பி.பி. மிஷினில் நாடி பார்க்கிறார். நேற்று 41 காட்டி வீடே கலங்கிப்போனது; பத்து நிமிஷம் கழித்து 66. அம்மா இண்டக்‌ஷன் அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? முட்டிவலிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார், அதைத் தொடரலாமா?

துடிப்புமானி:

முதலில் அந்த 41. பி.பி. மிஷினும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதயத்தின் மின்துடிப்பை எண்ணுவதில்லை. கைக்கு வந்து சேரும் ரத்த அலையைத்தான் எண்ணுகின்றன. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், இதயம் நிரம்புவதற்குள் சுருங்கிவிடும். அந்த அலை கை வரை எட்டாது. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் 82 துடிப்பு 41 ஆகத் தெரியும். பேஸ்மேக்கர் அதையும் ஒரு துடிப்பாகவே எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். அது கருவியின் கோளாறு அல்ல.

சரிபார்க்கும் விதம்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மணிக்கட்டில் முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. கருவியில் வைத்திருக்கும் கீழ்வேகம் (இதற்குக் கீழே துடிப்பைப் போக விடாத எல்லை) பெரும்பாலும் 60; சிலருக்குத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் 50 என்று வைத்திருப்பார்கள். செக்கப் ரிப்போர்ட்டில் பாருங்கள். அதற்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால் ஓர் இ.சி.ஜி. போதும், குட்டு உடைந்துவிடும். குறைந்த நாடியோடு கண் இருட்டல், மயக்கம் என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. வயர் நகர்ந்திருக்கலாம்.

இடதுபுறச் சத்தம்: அப்படிப் படுக்கும்போது இதயத்தின் நுனி விலாச் சுவரை ஒட்டி வந்து முட்டும். 35, 40 என்று இழுத்துக்கொண்டிருந்த இதயம் ஒரே நாளில் 60க்கு மேல் வந்ததால் அது பெரிதாகத் தெரிகிறது. சில வாரத்தில் பழகிவிடும், அதுவரை வலதுபுறம் படுக்கட்டும். ஆனால் துடிப்புக்குத் துடிப்பு விக்கல் மாதிரி வயிறோ விலாவோ வெட்டி இழுத்தால் அது வேறு கதை: மின்தூண்டல் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத்தசை) தொடுகிறது. மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

3 மாத செக்கப்பைத் தவறவிடாதீர்கள். வயர் முனை பதிந்த இடம் ஆறும்வரை தசையைத் தூண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படலாம் என்பதால் வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். அந்த செக்கப்பில்தான் குறைப்பார்கள். அதற்கு முன்பு திரையில் தெரியும் பேட்டரி ஆயுள் குறைவாகவே இருக்கும். "பழைய பெட்டியை வைத்துவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இயன்முறை:

கையைக் கட்டி வெச்சிருக்கிறதுதான் இங்க பெரிய தப்பு. தோளை ஆறு வாரம் அசைக்காம விட்டா இறுகிப்போகும். அப்புறம் சட்டை போடவே அழணும்.

வயர் காறையெலும்புக்குக் கீழ இருக்கிற சிரை வழியா இதயத்துக்குள்ள போகுது. முனையில திருகோ சின்னக் கொக்கியோ இருக்கும். சுத்தித் தசை வளர்ந்து அதைப் பிடிச்சுக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் முழங்கை தோள் மட்டத்துக்கு மேல போகக் கூடாது, பின்பக்கமா வெடுக்குனு இழுக்கக் கூடாது, 4 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. அந்த எல்லைக்குள்ள கை தாராளமா வேலை செய்யணும். முழங்கையை மடக்கி நீட்டுறது, தோளை வட்டமா உருட்டுறது, கையை முன்பக்கமா நெஞ்சு மட்டம் வரை தூக்கி இறக்குறது: ஒவ்வொண்ணும் 10 தடவை, நாளைக்கு மூணு வேளை.

"தூக்கக் கூடாது"ன்னா எதையெல்லாம்னு யாரும் சொல்றதில்ல. பஸ்ஸுல மேல்கம்பி பிடிக்கிறது. வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு போடுறது. கிணத்துல தண்ணி இறைக்கிறது, கடை ஷட்டர் இழுக்கிறது, ஒட்டடை அடிக்கிறது. கோயில்ல கையைத் தலைக்கு மேல நீட்டி நெடுஞ்சாண்கிடையா விழறது. நின்னு கும்பிட்டாப் போதும். கட்டில்ல இருந்து எழும்போது இடது கையை ஊன்ற வேண்டாம், வலதுபுறம் ஒருக்களிச்சு எழட்டும். தலை வழியாப் போடுற பனியனை ஒதுக்கிட்டு முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை. போடும்போது இடது கை முதல்ல, கழட்டும்போது கடைசியில.

தழும்பு மேல மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். பெட்டி மேல தோல் வீங்கினா, சிவந்தா, நீர் கசிஞ்சா வெச்ச இடத்துலயே காட்டுங்க. பக்கத்து கிளினிக்குல ஊசி போட்டு உறிஞ்ச விட்டுடாதீங்க, கிருமி உள்ள போக அதுவே வழி. உள்ள சீழ் பிடிச்சா மாத்திரை மட்டும் போதாது, பெட்டியையும் வயரையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரும். இன்னொண்ணு, பெட்டியைத் தடவித் தடவி உருட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தா நிறுத்துங்க. சுத்தச் சுத்த வயர் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இடத்தை விட்டு வந்துடும்.

முட்டிக்கு வெச்ச கரண்ட் எந்த மிஷின்னு கேளுங்க. ஷார்ட்வேவ் டயாதெர்மின்னா (மின்காந்த அலையால உள்தசையைச் சூடாக்குற மிஷின்) இனி ஆயுசுக்கும் கிடையாது. முட்டியிலதானே வெக்கிறோம்ங்கிற சமாதானம் செல்லாது; வயர் அதை வாங்கி முனையில இருக்கிற தசையைச் சுட்டுடும். தோல்ல பட்டை ஒட்டி வலிக்கு லேசா கரண்ட் விடுற டென்ஸ், ஐ.எஃப்.டி. ரெண்டும் இதய டாக்டர் சம்மதம் இல்லாம வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், மெழுகு, தொடைத்தசைப் பயிற்சி போதும்.

நாலாம் அறை:

பரணிலிருந்து அடுப்பை இறக்கலாம். இண்டக்‌ஷனுக்கும் நெஞ்சுக்கும் 60 செ.மீ. இருந்தால் சரி, அவர் சமைப்பவர் இல்லை என்றால் பேச்சே இல்லை. மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ் எல்லாம் வழக்கம்போல ஓடட்டும், ஓடும் மோட்டாரை நெஞ்சோடு அணைக்காமல் இருந்தால் போதும். செல்போன் வலது காதில், பெட்டியிலிருந்து 15 செ.மீ. தள்ளி. சட்டையின் இடது பாக்கெட்டை மறந்துவிட வேண்டும். பின்புறம் காந்தம் உள்ள போன்களும் இயர்பட்ஸ் டப்பாவும் கூட அப்படித்தான். காந்தம் ஒட்டியிருக்கும்வரை கருவி இதயத்தைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் தூண்டும், எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கோயில், விமான நிலைய வாசலில் உள்ள மெட்டல் டிடெக்டர் சட்டத்தில் நிற்காமல் நடந்து போகலாம். கையில் பிடிக்கும் கருவியைப் பெட்டி மேல் வைத்திருக்க விடாமல் பேஸ்மேக்கர் அடையாளக் கார்டைக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் பெட்டி மட்டுமல்ல, வயர்களும் அதற்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும்.

பயத்துக்கு வருகிறேன். பாதிப் பேர் இதை ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. என்ற வேறொரு இதயக் கருவியோடு குழப்பிக்கொள்கிறார்கள். பேஸ்மேக்கர் ஷாக் அடிக்காது, பேரனை அணைத்தாலும் அவனுக்கும் அடிக்காது. பேட்டரியும் டார்ச் லைட் மாதிரி திடீரென்று அணையாது. மாற்றும் கட்டத்தைக் கருவியே காட்டும், அதன்பின் சுமார் 3 மாத அவகாசம் உண்டு. பி.பி. மிஷினை ஒளித்து வைக்காதீர்கள், சந்தேகம் கூடும். காலையில் ஒரு முறை, நோட்டில் எழுதட்டும், அவ்வளவுதான். தூக்கமும் பசியும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் திரும்பாவிட்டால் அதையும் நோயாகவே எடுத்து டாக்டரிடம் சொல்லுங்கள். "வயசாச்சு" என்று தள்ளிவிட வேண்டாம்.

கதை கேட்பவர் என்றால் ஆர்னே லார்சனைப் பற்றிச் சொல்லுங்கள். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் ஆள். முதல் பெட்டி சில மணி நேரமே ஓடியது. மொத்தம் 26 கருவி மாற்றி, 2001இல் 86 வயதில் புற்றுநோயால் போனார். பெட்டியைச் செய்த எல்ம்குவிஸ்டும் அதை வைத்த சென்னிங்கும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: "சாகிற நேரத்துல இந்தப் பெட்டி உயிரைப் போக விடாம இழுத்துப் பிடிக்குமா?"

துடிப்புமானி:

பிடிக்காது. கருவி ஒரு சின்ன மின்துடிப்பை மட்டும்தான் அனுப்புகிறது. அதைக் கேட்டுச் சுருங்க வேண்டியது தசை. பிராணவாயு போய்ச் சேராத தசை எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. மானிட்டரில் கொஞ்ச நேரம் கோடு குதிப்பது தெரியலாம், அது கருவியின் கோடு.

அவரே கேட்டதால் வீட்டில் ஒருவர் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: தகனம் என்றால் முன்பே பெட்டியை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, சூட்டில் வெடிக்கும். தோலுக்கு அடியிலேயே இருப்பதால் மருத்துவமனையில் சில நிமிட வேலை. புதைப்பது என்றால் அப்படியே விடலாம்.